அம்மாவின் விரல் ரேகையும் நெல் பணம் ஒரு லட்சமும்: பயோமெட்ரிக் மெஷின் உண்மையில் என்ன செய்யுது?

காலையில ஆபீஸ் வாசல்ல ஒரு சின்ன கருப்புப் பெட்டியில விரலை வைக்கறீங்க. "பீப்". வருகை பதிவாயிடுச்சு. அதே நேரம் பாபநாசம் பக்கத்து கிராமத்துல, ரேஷன் கடை வரிசையில நிக்கிற உங்க அம்மாவும் ஒரு பெட்டியில விரலை வைக்கறாங்க. மூணு தடவை வச்சும் வரல. "தலையில தேய்ச்சுட்டு வைங்கம்மா" என்கிறார் விற்பனையாளர். நாலாவது தடவை விழுது. சில மாதம் அதுவும் விழாது.

பணம் பத்திப் பேசற பக்கத்துல இது எதுக்குன்னு கேக்கலாம். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். சம்பா அறுவடை முடிஞ்சு அப்பா 100 மூட்டை நெல்லை நேரடி கொள்முதல் நிலையத்துல போடறார்னு வைங்க. மூட்டைக்கு 40 கிலோ, மொத்தம் 40 குவிண்டால். 2025-26 பருவத்துல சன்ன ரகத்துக்குத் தமிழ்நாட்டுல குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். ஆக 1,01,800 ரூபாய். இந்தப் பணம் நேரா வங்கிக் கணக்குக்கு வருது. அதே மாதிரி பி.எம். கிசான் வருஷத்துக்கு 6,000, மகளிர் உரிமைத் தொகை மாசம் 1,000, நீங்க அனுப்பற பணம் எல்லாம் வீட்டுல யாரோ ஒருத்தர் கணக்குல சேருது. அந்தக் கணக்குல ஆதார் இணைஞ்சிருக்கு. ஆதாரோட விரல் ரேகை இணைஞ்சிருக்கு.

அதாவது ரேஷன் கடையில "நீ அவங்க இல்ல"ன்னு அம்மாவைத் திருப்பி அனுப்பக்கூடிய அதே விரல்தான், இன்னொரு இடத்துல அந்தப் பணத்துக்கு முழுச் சாவி. வீடியோவுல நேரம் இல்லாம வேகமா ஓட்டின பகுதி இது. இங்க நிதானமா பாப்போம்.

மெஷின் எதைப் பாக்குது?

விரல் வைக்கிற கண்ணாடிக்குக் கீழ ஒரு விளக்கும் கேமராவும் இருக்கு. ரேகையோட மேடு கண்ணாடியைத் தொடும், பள்ளம் தொடாது. பள்ளத்துல காத்து இருக்கறதால அங்க வெளிச்சம் முழுசா திரும்பி வரும், மேடு இருக்கற இடத்துல சிதறிடும். அதனால மேடு கருப்பாவும் பள்ளம் வெள்ளையாவும் ஒரு படம் கிடைக்குது. ரேஷன் கடை, வங்கி முகவர்கிட்ட இருக்கறது பெரும்பாலும் இந்த ஆப்டிகல் வகை. பல ஃபோன்கள்ல இருக்கறது மின்னேற்ற வித்தியாசத்தை அளக்கற கெபாசிட்டிவ் வகை. வழி வேற, விளைவு ஒண்ணுதான்: மேடு பள்ளத்தோட ஒரு வரைபடம்.

அந்தப் படத்தை அப்படியே இன்னொரு படத்தோட ஒப்பிடறதில்ல. படத்துல ரெண்டு விஷயத்தைத் தேடுது. ஒரு ரேகை எங்க முடியுது, எங்க ரெண்டா பிரியுது. நம்ம டெல்டாவை மேல இருந்து பாக்கற மாதிரி நினைச்சுக்கங்க. முக்கொம்புல கொள்ளிடம் பிரியுது. கல்லணையில வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் பிரியுது. அப்புறம் நூத்துக்கணக்கான கிளை. ஆத்தையே வரைய வேண்டாம். பிரியற இடம், முடியற இடம், அது எந்தத் திசை பாக்குதுங்கற பட்டியல் மட்டும் கொடுத்தா போதும், "இது காவிரி டெல்டா, கோதாவரி இல்ல"ன்னு சொல்லிடலாம். விரலுக்கும் அப்படி ஒரு பட்டியல் போடறாங்க. அதுக்கு டெம்ப்ளேட்னு பேர்.

இப்ப அம்மாவோட விரலை யோசிங்க. முப்பது வருஷம் நாத்து பறிச்சு நட்ட கை. பாத்திரம் தேய்ச்ச கை. மேடு தேஞ்சு போச்சுன்னா பிரியற இடமே தெரியாது. தோல் வறண்டிருந்தா கண்ணாடியில சரியா ஒட்டாது, கோடு விட்டு விட்டு விழும். நடவுல இருந்து நேரா வந்தா எதிர்ப் பிரச்சனை: ஈரம் பள்ளத்தை நிரப்பிடும், படம் கருப்புத் திட்டா வரும். தலையில தேய்க்கச் சொல்றது மூடநம்பிக்கை இல்ல. லேசான எண்ணெய்ப் பசை இருந்தா மேடு கண்ணாடியில நல்லா ஒட்டும். அந்த விற்பனையாளர் தன்னை அறியாமலே இயற்பியல் பேசறார்.

"ஆமா"வும் "இல்ல"யும் யார் முடிவு பண்றது?

இதுதான் பலருக்குத் தெரியாத இடம். ஒரே விரலை ரெண்டு தடவை வச்சாக்கூட ரெண்டு படமும் ஒண்ணா இருக்காது. அழுத்தம் மாறும், கோணம் மாறும். அதனால மெஷின் "அதே ஆளா"ன்னு பாக்கறதில்ல, "எவ்வளவு ஒத்துப்போகுது"ன்னு மதிப்பெண் போடுது. அந்த மதிப்பெண் ஒரு கட்-ஆஃபைத் தாண்டினா "ஆமா". தாண்டலைன்னா "இல்ல". அந்தக் கட்-ஆஃபை மனுஷங்கதான் நிர்ணயிக்கறாங்க.

கட்-ஆஃபை ஏத்தினா திருடன் நுழைய முடியாது, ஆனா தேஞ்ச விரல்காரங்களும் வெளிய நிப்பாங்க. இறக்கினா அம்மாவுக்கு அரிசி கிடைச்சிடும், ஆனா போலி விரலும் உள்ள வரலாம். தவறா மறுக்கறது, தவறா ஏத்துக்கறது. ஒண்ணைக் குறைச்சா இன்னொண்ணு கூடும். நல்ல சென்சார் போட்டா ரெண்டையும் குறைக்கலாம், ரெண்டையும் பூஜ்ஜியமாக்கற மெஷின் எங்கயும் இல்ல. ஆப்பிள் நிறுவனமே தன் டச் ஐடி வேற ஒருத்தர் விரலுக்குத் திறக்கற வாய்ப்பு 50,000-ல் ஒண்ணு, ஃபேஸ் ஐடிக்கு 10 லட்சத்துல ஒண்ணுன்னுதான் சொல்லுது. பூஜ்ஜியம்னு சொல்லல.

ஆனா உங்க ஃபோனுக்கும் அம்மாவோட ரேஷன் கடைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. ஃபோன் விரலை மறுத்தா பாஸ்கோடு கேக்கும். அடுத்த நொடி வேலை முடிஞ்சிடும். கடையில மறுத்தா? 1,000 கார்டு இருக்கற கடையில நூத்துக்கு ரெண்டு பேருக்கு விழலைன்னு வச்சுக்கிட்டாலும் மாசம் 20 குடும்பம். "98 சதவீதம் வெற்றி"ன்னு சொன்னா கேக்க நல்லா இருக்கும். அந்த 20 குடும்பமும் பெரும்பாலும் ஒரே மாதிரி ஆளுங்கதான்: வயசானவங்க, வயல் வேலை செய்யறவங்க, கொத்தனார் வேலை பாக்கறவங்க. பிழை எல்லார் மேலயும் சமமா விழறதில்ல. என்னைக் கேட்டா, இந்தத் தொழில்நுட்பத்தைப் பத்தி நம்ம ஊர்ல முதல்ல பேச வேண்டியதே இதுதான்.

இன்னொரு விஷயம். "விரல் வச்சா யாருன்னு கண்டுபிடிக்கும்"னு நினைக்கறோம். அப்படி இல்ல. ரேஷன் கடையில முதல்ல ஸ்மார்ட் கார்டை ஸ்கேன் பண்றாங்க, குடும்பத்துல யாருன்னு தேர்ந்தெடுக்கறாங்க, அப்புறம்தான் விரல். ஆதார் சர்வருக்குப் போற கேள்வி "இவங்க யாரு?" இல்ல, "இந்த நம்பருக்குச் சொந்தக்காரங்க இவங்கதானா?" பதில் ஆமா, இல்ல. எல்லாரோடயும் ஒப்பிட்டுப் பாக்கற வேலை ஆதார் எடுக்கும்போது, ஒரே ஆளுக்கு ரெண்டு நம்பர் போயிடக் கூடாதுன்னு நடக்கறது. அப்ப பத்து விரல், ரெண்டு கருவிழி, முகம் எல்லாம் எடுக்கறதுக்குக் காரணமும் அதுதான்.

கைநாட்டு: பழைய கதை

படிக்காதவங்களைக் "கைநாட்டு"ன்னு கிண்டல் பண்ணின ஊர் இது. இப்ப எம்.டெக். முடிச்சவரும் சிம் கார்டுக்குக் கைநாட்டு வைக்கறார். காலம்.

இந்த யோசனைக்கு விதை விழுந்ததும் பண விஷயத்துலதான். 1858-ல் வங்காளத்துல வில்லியம் ஹெர்ஷல்ங்கற ஆங்கிலேய அதிகாரி, சாலைக்குச் சரளை தர ஒத்துக்கிட்ட ஒருத்தர்கிட்ட ஒப்பந்தத்துல முழு உள்ளங்கைப் பதிவு வாங்கினார். பேச்சு மாறிடக் கூடாதுங்கற பயம். 1877-ல் ஹூக்ளியில பென்ஷன்தாரர்கள்கிட்டயும் பத்திரப் பதிவுலயும் விரல் ரேகை வாங்க ஆரம்பிச்சார். செத்தவர் பேர்ல வேற ஆள் பென்ஷன் வாங்கறதைத் தடுக்க. 1897-ல் கல்கத்தாவுல விரல் ரேகைப் பிரிவு வந்தது. அங்க ரேகைகளை வகைப்படுத்தற முறையை உருவாக்கினதுல அசிசுல் ஹக், ஹேம சந்திர போஸ்னு ரெண்டு இந்தியர்களுக்குப் பெரும் பங்கு. பேர் என்னவோ அவங்க மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குப் போச்சு.

அதுக்கு முன்னாடி எப்படி அடையாளம் பாத்தாங்க? தஞ்சாவூர்லயே பதில் இருக்கு. பெரிய கோயில் கல்வெட்டுல ராஜராஜன் சுமார் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தின விவரம் இருக்கு. ஒவ்வொருத்தர் பேர், எந்த ஊர்க் கோயில்ல இருந்து வந்தவங்க, எந்தத் தெருவுல எந்தப் பக்கம் எத்தனாவது வீடு எல்லாம் வெட்டியிருக்காங்க. ஒரு பங்குக்கு வருஷம் 100 கலம் நெல். இது கிட்டத்தட்ட ஒரு பயனாளிப் பட்டியல். பேர், ஊர், கதவு எண். "இவதான் அவ"ன்னு உறுதி சொல்ல அக்கம்பக்கம் இருந்தது. நம்ம பள்ளிக்கூட டி.சி.-யில் "வலது கன்னத்தில் ஒரு மச்சம்"னு எழுதினாங்களே, அதுவும் இதே வேலைதான். தெரிஞ்ச மனுஷன் சாட்சி சொன்ன இடத்துல இப்ப மெஷின் உக்காந்திருக்கு. தெரிஞ்ச மனுஷனுக்குக் கண் முன்னாடி நிக்கற அம்மாவை மறுக்க வாய் வராது. மெஷினுக்கு வரும்.

மெஷின் "இல்ல"ன்னா என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டு ரேஷன் கடைகள்ல விரல் ரேகை முறை 2020-ல், ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தோட சேர்ந்து வந்தது. விரல் விழலைங்கற காரணத்துக்காகப் பொருளை மறுக்கக் கூடாதுங்கறதுதான் விதி. ஓடிபி, கார்டு ஸ்கேன், பல கடைகள்ல இப்ப கருவிழி ஸ்கேனர்னு மாற்று வழி உண்டு. கார்டுல இருக்கற வேற யாராவது வந்து விரல் வைக்கலாம். வயசானவங்களும் மாற்றுத் திறனாளிகளும் தங்களுக்குப் பதிலா ஒருத்தரை நியமிச்சு படிவம் கொடுத்து வைக்கலாம். 2025 ஆகஸ்டுல தொடங்கின தாயுமானவர் திட்டத்துல வயசானவங்களுக்கு வீட்டுக்கே பொருள் வருது. உங்க தாத்தா பாட்டி அந்தப் பட்டியல்ல இருக்காங்களான்னு கடையில ஒரு தடவை கேட்டுடுங்க.

கொள்முதல் நிலையத்துக்கும் இந்த மெஷின் வந்துடுச்சு. விவசாயி பேர்ல வியாபாரி நெல்லைக் கொட்டறதைத் தடுக்கணும்ங்கறது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனா களத்துல ஈர நெல்லும் மழை மேகமும் இருக்கும்போது, விரலோ சிக்னலோ தகராறு பண்ணா ஒரு நாள் தள்ளிப் போகும். ஒரு நாள் மழைக்கு என்ன நட்டம்னு டெல்டாக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

நிரந்தரத் தீர்வு ஒண்ணு இருக்கு, செலவும் 150 ரூபாய்க்குள்ளதான். ஆதார் மையத்துல பயோமெட்ரிக் அப்டேட். பதினஞ்சு வருஷம் முன்னாடி எடுத்த ரேகையோட இன்னைக்குத் தேஞ்ச ரேகையை ஒப்பிட்டா மதிப்பெண் குறையத்தான் செய்யும். புதுசா எடுத்தா நிலைமை பெரும்பாலும் சரியாகும். பத்து விரல்ல எது நல்லா விழுதுன்னும் கேட்டு வச்சுக்கங்க. கட்டை விரலை விட மோதிர விரல் நல்லா விழறவங்க இருக்காங்க. கூடவே மொபைல் நம்பரையும் புதுப்பிங்க. அது இல்லைன்னா ஓடிபி வழி அடைஞ்சு போச்சு.

மெஷின் தப்பான ஆளுக்கு "ஆமா"ன்னா?

இப்ப பணத்துக்கு வருவோம். கிராமத்துல மளிகைக் கடையிலயே விரல் வச்சுப் பணம் எடுக்கறாங்களே, அது ஆதார் வழிப் பணப் பரிவர்த்தனை, சுருக்கமா ஏஇபிஎஸ். நடத்தறது என்பிசிஐ. கார்டு வேண்டாம், பின் நம்பர் வேண்டாம், ஓடிபி வேண்டாம். வேண்டியது மூணுதான்: ஆதார் நம்பர், வங்கி பேர், விரல். ஒரு தடவைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். பஸ் ஏறி டவுனுக்குப் போய் வரிசையில நிக்கற முதியவருக்கு இது வரப்பிரசாதம், நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனா அந்த மூணும் ஒரே காகிதத்துல கிடைச்சா? பழைய கிரயப் பத்திரத்துல இடது கட்டை விரல் ரேகை பளிச்சுன்னு இருக்கும், கூடவே ஆதார் நகல். 2018-ல் தெலங்கானாவுல பத்திரப் பதிவு ஆவணங்கள்ல இருந்த ரேகைகளை எடுத்து ரப்பர் அச்சு செஞ்சு, ஆயிரக்கணக்கான சிம் கார்டை ஆக்டிவேட் பண்ணின வழக்கு வெளிய வந்தது. 2023-ல் கொல்கத்தாவுல பலர் கணக்குல இருந்து இதே ஏஇபிஎஸ் வழியா பணம் போச்சு; போலீஸே "ஆதார் பயோமெட்ரிக்கை லாக் பண்ணுங்க"ன்னு சொல்ல வேண்டி வந்தது. இது புது வித்தையும் இல்ல. 2002-லயே ஜப்பான்ல சுடோமு மட்சுமோட்டோங்கற ஆராய்ச்சியாளர் ஜெலட்டின்ல செஞ்ச விரலை வச்சு, சோதிச்ச 11 கருவிகளையும் ஏமாத்திக் காட்டினார்.

ஆதார் ஆணையம் சும்மா இல்ல. 2023 பிப்ரவரியில, வைக்கிறது உயிருள்ள விரலா, அச்சா எனப் பாக்கற கூடுதல் சோதனையைக் கொண்டுவந்தாங்க. ரேகையைக் கருவிக்குள்ள இருக்கற பாதுகாப்பான சில்லுலயே குறியாக்கம் பண்ற எல்1 வகைக் கருவிகளுக்கு மாத்தறாங்க. ரிசர்வ் வங்கியும் 2025 ஜூன்ல, ஏஇபிஎஸ் முகவர்களை வங்கிகள் எப்படிச் சரிபாக்கணும்னு விதி போட்டிருக்கு.

இவ்வளவு தொழில்நுட்பம் இல்லாத திருட்டும் இருக்கு. "விழலம்மா, இன்னொரு தடவை வைங்க"ன்னு சொல்லி ரெண்டு தடவை எடுக்கறது. 2,000 கேட்டவருக்கு 5,000 அடிச்சு 2,000 கையில கொடுக்கறது. அம்மா கணக்குல பதிவான மொபைல் நம்பர் தொலைஞ்சு போன பழைய சிம்மா இருந்தா, எஸ்எம்எஸ் யாருக்கும் வராது. பாஸ்புக் போடற வரைக்கும் தெரியாது.

ஊருக்குப் போகும்போது செய்ய வேண்டிய வேலை

வலையில பாத்தா எல்லாரும் "பயோமெட்ரிக் லாக் பண்ணுங்க"ன்னு ஒரே வரியில முடிச்சிடறாங்க. உங்களுக்கு அது சரி. மைஆதார் தளத்துலயோ செயலியிலயோ ரெண்டு நிமிஷ வேலை; சிம் வாங்கற அன்னைக்குத் தற்காலிகமா திறந்துக்கலாம். ஆனா அம்மாவுக்கு லாக் பண்ணிட்டு நீங்க சென்னைக்கு வந்துட்டா, அடுத்த வாரம் ரேஷன் கடையிலயும் விரல் வேலை செய்யாது. கொள்முதல் நிலையத்துலயும் செய்யாது. லாக் பண்ணா எல்லா இடத்துக்கும் லாக்தான். திறக்கற ஓடிபி அம்மா ஃபோனுக்கு வரும், கடையில இருந்து உங்களுக்குக் கூப்பிடுவாங்க, நீங்க மீட்டிங்ல இருப்பீங்க.

அதனால அவங்களுக்கு நான் சொல்றது வேற வழி. வங்கிக் கிளையில போய் ஏஇபிஎஸ் வழியா பணம் எடுக்கறதை மட்டும் நிறுத்த முடியுமான்னு கேளுங்க; அந்த வசதி உள்ள வங்கியா இருந்தா, ரேஷன் விரல் வழக்கம் போல வேலை செய்யும், கணக்கு மட்டும் பூட்டியிருக்கும். அம்மா மளிகைக் கடையிலதான் பணம் எடுப்பாங்கன்னா அதை நிறுத்தாதீங்க. அப்ப தொகையைப் பிரிங்க. நெல் பணம் வந்ததும் இரண்டு மூணு மாசச் செலவுக்கு உண்டானதை மட்டும் சேமிப்புக் கணக்குல விட்டுட்டு, மீதியை எஃப்டி-யில் போடுங்க. விரல் வச்சு எஃப்டி-யில் கை வைக்க முடியாது (ஆட்டோ ஸ்வீப் கணக்கு இல்லாம பாத்துக்கங்க). வட்டியும் கிடைக்கும். இன்னொரு வங்கியில கணக்கு இருக்கு, அங்க போட்டா போதும்னு நினைக்காதீங்க. அங்கயும் ஆதார் இணைஞ்சிருந்தா அந்த வங்கி பேரைச் சொல்லியும் எடுக்கலாம்.

ரெண்டு வங்கியிலயும் சரியான மொபைல் நம்பர் இருக்கான்னு பாருங்க. ஆதார்ல உங்க ஈமெயிலைக் கொடுத்து வைக்கலாம். ஒவ்வொரு தடவை அம்மா ஆதார் பயன்படும்போதும் உங்களுக்குத் தகவல் வரும். மைஆதார்ல கடந்த ஆறு மாசம் எங்கெல்லாம் விரல் வச்சிருக்காங்கன்னு பட்டியலும் பாக்கலாம். அம்மா திருவையாறு தாண்டாத மாசத்துல தெரியாத நிறுவனம் ஏதாவது சரிபாத்திருந்தா, விசாரிங்க.

உங்க சொந்த விஷயம் ஒண்ணு. 2025 ஆகஸ்ட் முதல் புது யுஏஎன் எண் உமாங் செயலியில முகத்தைக் காட்டித்தான் எடுக்கணும். பென்ஷன்தாரர்களுக்கான ஜீவன் பிரமாணும் 2021 நவம்பர்ல இருந்து ஃபோன் கேமராவுலயே முகம் காட்டி முடிச்சிடலாம். தேஞ்ச விரலோட தாத்தா கருவூலத்துக்கு அலைய வேண்டாம். தீபாவளிக்கு வரும்போது உங்க ஃபோன்லயே செஞ்சு கொடுத்துடுங்க.

பணம் போயே போச்சுன்னா முதல் வேலை 1930-க்கு ஃபோன். அடுத்து வங்கியில எழுத்து மூலமா புகார், நகல்ல சீல். 2017 ஜூலை 6 ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி, உங்க மேலயும் வங்கி மேலயும் தப்பு இல்லாத மோசடியை, வங்கித் தகவல் வந்த மூணு வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா வாடிக்கையாளருக்கு நட்டம் பூஜ்ஜியம். நாலுல இருந்து ஏழு நாளுக்குள்ளன்னா சாதாரண சேமிப்புக் கணக்குக்கு உச்சவரம்பு 10,000 ரூபாய். அதுக்கு மேல போனா வங்கியோட கொள்கை என்னவோ அது. "விரல் வச்சது நீங்கதான்னு சிஸ்டம் சொல்லுது"ன்னு கிளையில சொல்வாங்க. அந்தப் பரிவர்த்தனை எந்த ஊர்ல, எந்த முகவர்கிட்ட, எத்தனை மணிக்கு நடந்ததுன்னு எழுத்துல கேளுங்க. அந்த நேரம் அம்மா எங்க இருந்தாங்கன்னு சொல்ல தெருவே இருக்கு. 30 நாள்ல பதில் வரலைன்னா ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனுக்கு ஆன்லைன்ல போடலாம், கட்டணம் கிடையாது.